தொப்பியில் பூசிய நீலம்

சுங்கை ரோட்டுச் சந்தை இருந்த காலம்.
நின்றுபோன கைக்கடிகாரங்களுக்கும்
ஜோடி தொலைந்த காலணிகளுக்கும் நடுவில்
ஒரு மைலோ டின்.
உள்ளே ரப்பர் வளையம் போட்டு
நூற்றுப் பதினான்கு அமெரிக்கர்கள்.
எட்டு வெள்ளி என்றார்,
ஆறுக்குக் கொடுத்தார்.

பேஸ்பால் எனக்குத் தெரியாது.
அடித்ததும் எதற்கு மட்டையை எறிந்துவிட்டு ஓடுகிறார்கள்
என்பது புரியவே ஒரு மழைக்காலம் ஆனது.
ஓர் அட்டையில் நீள்சதுரமாய் இளஞ்சிவப்புக் கறை.
சூயிங்கம் ஒட்டியிருந்த இடமாம்.
கறைக்குத் தடையில்லை என்று
வீட்டில் வைத்துக்கொண்டேன்.

எனக்குப் பிடித்தது அட்டையின் முதுகு.
ஆண்டு, ஊர், ஆட்டம், அடி, ஓட்டம்,
எறும்பு எறும்பாய் எண்கள்.
அடியில் எப்போதும் ஒரு வரி இருக்கும்:
பனிக்காலத்தில் இவர் அடுப்பு விற்கிறார்.
இவருக்கு மூன்று மகள்கள், ஒரு கழுதை.
யாருக்காக எழுதினார்கள் இதை?
ஈசூனில் விடியுமுன் நாலு மணிக்கு எழுந்து
பேருந்தை வெளியே எடுக்கப் போகிறவனுக்கு
என்று நானே வைத்துக்கொண்டேன்.

ராய் கெம்ப்ளின்.
ஏழு ஆண்டு, நான்கு ஊர்.
ஓர் ஆண்டுக்கு மட்டும் இரண்டு வரி,
பாதிப் பருவத்தில் விற்றுவிட்டார்கள்.
புதுச் சீருடையில் படமெடுக்க நேரமில்லை போல,
பழைய தொப்பியின் மேலேயே
யாரோ தூரிகையால் நீலம் பூசியிருக்கிறார்கள்.
காதோரம் கொஞ்சம் வழிந்திருக்கிறது.
வெளிச்சத்தில் சாய்த்தால் அடியில் சிவப்பு.

எங்கள் பணிமனை கைமாறிய ஞாயிற்றுக்கிழமை
அதே தடம், அதே நிறுத்தங்கள்,
இரண்டாம் இருக்கையில் அதே சீன ஆசிரியை.
என் சட்டை மட்டும் பச்சை.
பழசையெல்லாம் என்ன செய்ய என்றாள் பொற்கலை.
ராயைக் கேள் என்றேன்.
எந்த ராய் என்று அவள் கேட்கவில்லை.
அவள் வேலை செய்யும் காலணிக் கடையிலிருந்து
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைக் கொண்டுவருவதே அவனுக்காகத்தான்.
மூன்று நாள் மழை பிடித்தால்
இந்த ஊரில் அட்டை அப்பளமாகிவிடும்.

போன மாதம் பிராஸ் பசாவில்
குவா எங் சூன் பூதக்கண்ணாடியை வைத்தார், எடுத்தார்,
மறுபடி வைத்தார்.
இது கெம்ப்ளின் இல்லை.
ஓஸ்ட்ரம் என்று இன்னொருத்தன்.
அச்சகத்தில் படம் மாறிவிட்டது.
நூற்றைம்பது தருகிறேன்.
முகத்துக்கா, எண்களுக்கா என்றேன்.
பிழைக்கு என்றார்.

பதினெட்டு வருடமாய்
நான் சாயங்காலங்களில் பார்த்துக்கொண்டிருந்தது வேறொருவனை.
அந்த நீலமும்
அவனுக்காக, இவன் தலையில்.
கெம்ப்ளினுக்கு மூக்கு எப்படி, மீசை உண்டா,
ஒன்றும் தெரியாது எனக்கு.
ஏதோ ஒரு மளிகைக் கடை வாசலில்
அவனும் பொட்டலத்தைப் பிரித்திருப்பான்.
தன் பெயருக்கு மேல் யாரோ சிரிப்பதைப் பார்த்து
நிர்வாகத்துக்குக் கடிதம் போட்டானா,
கம்மை வாயில் போட்டு மென்றபடி நடந்தானா?
முதுகில் கடைசி வரி: மூன்று ஆட்டம், அடி இல்லை.
அதற்குப் பிறகு நடந்தது அட்டைக்குத் தெரியாது.

பணிமனைப் பட்டியலில் இடம் போதாமல்
வைத்தியலிங் என்பதோடு நான் நின்றுவிடுவேன்.
மிச்சம் எங்கே என்பான் ஃபைசல்.
கம் இங்கே தடைதானே என்பேன்.
இருபது தடவை சொல்லிவிட்டேன்,
இருபது தடவையும் சிரிக்கிறான்.
சம்பளம் சரியாக வருகிறது.

அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.
குவா தோளைக் குலுக்கினார்.
இப்போது அது எண்கள் மேலே தெரிய,
கவிழ்ந்து கிடக்கிறது.

நாளை முதல் பேருந்து ஐந்து இருபத்தைந்துக்கு.
மழை விடவில்லை, சட்டை காயவில்லை.
இத்தனை துவைப்புக்குப் பிறகும்
சாயம் போகிறது.
பொற்கலையின் வெள்ளைத் துண்டில்
ஒரு தோள் அளவுக்குப் பச்சை.